பக்கத்தில் உட்கார ஒருவர்: பள்ளித் தன்னார்வலர் என்னதான் செய்கிறார்?

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கிறான். விடை 35 என்று எழுதுகிறான். ஆசிரியர் சிவப்பு மையில் தப்பு போடுகிறார். அடுத்த கணக்கு, 64-இலிருந்து 38. அவன் எழுதுவது 34. அதற்கும் தப்பு. பத்துக் கணக்கில் எட்டு இப்படியே போக, 'பையனுக்குக் கழித்தல் வராது' என்று முடிவாகிவிடுகிறது.

அவன் போட்ட விடைகளை இன்னொரு தடவை பாருங்கள். சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கக் கூடாது என்று யாரோ எப்போதோ சொன்னதை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஒன்றாம் இடத்தில் 2-உம் 7-உம் இருக்கின்றன. சரி, 7-இலிருந்து 2 போனால் 5. பத்தாம் இடத்தில் 5-இலிருந்து 2 போனால் 3. ஆக 35. ஒவ்வொரு கணக்கிலும் இதே விதியை ஒரு தடவைகூடப் பிசகாமல் கடைப்பிடிக்கிறான். சரியாக வந்த இரண்டு கணக்கும் கடன் வாங்கத் தேவையில்லாதவை. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் இதைத்தான் எழுதினார்கள். கணக்கில் பிள்ளைகள் செய்யும் தப்புகளில் பல கவனக்குறைவால் வருபவை அல்ல. தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். "இதை எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில், 40 நிமிடப் பாடவேளையில், ஆளுக்கு ஒரு நிமிடம்தான் தேறும். அந்த ஒரு நிமிடத்தில் எதைக் கேட்பது, எதைச் சொல்வது? ஆசிரியருக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவரிடம் இல்லாதது நேரம். அந்த நேரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வருகிற ஊர்க்காரர்தான் தன்னார்வலர்.

இதில் யாரும் சேரலாம். கல்லூரி மாணவர், பணி ஓய்வு பெற்றவர், பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கிற இல்லத்தரசி, வாரம் இரண்டு நாள் தாமதமாக அலுவலகம் போக முடிகிறவர் என்று யார் வேண்டுமானாலும். பள்ளி காட்டுகிற ஒன்றிரண்டு பிள்ளைகளோடு, குறித்த நாளில், குறித்த நேரத்தில் உட்கார்ந்து வாசிப்பிலோ கணக்கிலோ விட்டுப்போனதைப் பிடிக்க உதவுவது வேலை. சம்பளம் கிடையாது. சில திட்டங்களில் சிறு ஊக்கத்தொகை உண்டு.

இதை டியூஷன் என்று நினைத்துவிடக் கூடாது. டியூஷனில் பெரும்பாலும் நாளைய பாடத்தை இன்றே நடத்துவார்கள், அல்லது இன்றைய வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுப்பார்கள். இங்கே நடப்பது நேர் எதிர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையோடு இரண்டாம் வகுப்புக்குத் திரும்பிப் போகிறோம். நூல் எங்கே அறுந்ததோ அங்கேதானே முடிச்சுப் போட முடியும்?

பயன் இருக்கிறதா என்று கேட்டால்

தனியாக ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லைதான். எவ்வளவு நன்றாக என்பதில்தான் வழக்கு. அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படிக்கும் மாணவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடுகிறார் என்றார். இந்த 98-ஐ இன்றும் மேடைக்கு மேடை சொல்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் இவ்வளவு பெரிய பலன் கிடைக்கவில்லை. பலன் உண்டு, ஆனால் அடக்கமானது. ஆகவே யாராவது இந்த எண்ணைச் சொல்லி உங்களை இழுத்தால், தலையாட்டிவிட்டுப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை நடந்த ஒரு சோதனை. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 'பால்சகி' என்ற பெயரில், அதாவது குழந்தையின் தோழி என்ற பெயரில், அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்களை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு அனுப்பியது. பள்ளிப்படிப்பை முடித்தவர்கள், இரண்டு வாரப் பயிற்சி, சிறிய தொகை. மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தனியாக அழைத்து, பள்ளி நேரத்திலேயே தினமும் 2 மணி நேரம் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் உள்ளிட்ட குழு இதை அளந்து 2007-இல் வெளியிட்டது. மதிப்பெண்கள் தெளிவாக உயர்ந்திருந்தன. அதிகம் உயர்ந்தது மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு. இந்த இருவரும்தான் மைக்கேல் கிரீமரோடு சேர்ந்து 2019-இல் பொருளாதார நோபல் பரிசைப் பெற்றவர்கள்.

இதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சில ஆண்டுகள் கழித்து உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில், சம்பளமில்லாத் தன்னார்வலர்கள் கிராமங்களில் பள்ளிக்கு வெளியே வாசிப்பு வகுப்புகள் நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். ஆனால் வந்தவர்கள் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்கிற அளவுகூட இல்லை. எழுத்தே தெரியாத பிள்ளை, பள்ளிவிட்ட பிறகு இன்னொரு வகுப்புக்குத் தானாக நடந்து வருவான் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். யாருக்கு வகுப்பு அதிகம் தேவையோ அவர்தான் வராமல் போவதற்கும் அதிக வாய்ப்பு. அதனால் முடிந்தவரை பள்ளிக்குள், பள்ளி நேரத்தில் நடத்துங்கள். தலைமையாசிரியரிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய சலுகை ஒன்றே ஒன்றுதான் என்றால் இதைக் கேளுங்கள்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்த இழப்பை ஈடுகட்டத் தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி வேறு வழியில் போனது. தன்னார்வலர் வகுப்பைப் பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்துக்கே கொண்டுபோய், மாலை நேரத்தில் நடத்தியது. பள்ளிக்குள் முடியாவிட்டால் வாசலுக்காவது போக வேண்டும் என்கிற யோசனை.

பலன் பிள்ளைக்கு மட்டும் என்றும் இல்லை. அமெரிக்காவில் 1990-களின் நடுவில் 'எக்ஸ்பீரியன்ஸ் கார்ப்ஸ்' என்ற திட்டம் வயதானவர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. பால்டிமோர் நகரில் 60 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 15 மணி நேரம் பள்ளியில் இருந்தார்கள். பிள்ளைகளின் வாசிப்போடு பெரியவர்களின் உடல்நலத்தையும் சேர்த்தே ஆய்வாளர்கள் கவனித்தார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கியது பதிவாகியிருக்கிறது.

ஒரு பழைய எச்சரிக்கை

ஆசிரியர் அல்லாதவர் சொல்லிக்கொடுப்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னையில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தெரிந்த மாணவன் தெரியாத மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஊர் திரும்பி 1797-இல் இதைப் பற்றி எழுதினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டனெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் பெயர் மெட்ராஸ் காலேஜ்.

அந்த முறை அங்கே அவ்வளவு பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் செலவுக் குறைவு. ஒரே ஒரு ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மேய்க்கலாம், மிச்சத்தை மூத்த மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டார்கள். விளைவு பெரும்பாலும் மனப்பாடம்தான். இந்தச் சபலம் இன்றைக்கும் இருக்கிறது. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்க, அந்த இடத்தில் தன்னார்வலரை நிறுத்தி வகுப்பு எடுக்கச் சொன்னால், தன்மையாக மறுத்துவிடுங்கள். ஒரு நாள் அவசரத்துக்கு உதவலாம், அதில் தப்பில்லை. ஆனால் 40 பேர் முன்னால் நின்ற அடுத்த நொடியே உங்களிடம் இருந்த ஒரே சரக்கு, அதுதான் அந்த நேரம், கையைவிட்டுப் போய்விடுகிறது.

எப்படித் தொடங்குவது

தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளிக் கல்வித் துறை வழியாகவோ தொண்டு நிறுவனம் வழியாகவோ போவதும் நல்லது. அனுமதி, அடையாள அட்டை, பயிற்சி எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பல இடங்களில் காவல்துறைச் சான்று கேட்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்கிற பள்ளிதான் நல்ல பள்ளி.

அப்புறம் சில விதிகள். இவற்றில் விட்டுக்கொடுப்பே கிடையாது. கதவு சாத்திய அறையில் பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. தாழ்வாரத்திலோ நூலகத்திலோ நாலு பேர் கண்ணில் படும்படி உட்காருங்கள். பிள்ளையின் படத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. தனியாகத் தொலைபேசியில் பேசுவது, பரிசு கொடுப்பது, வீட்டுக்கு அழைத்துப் போவது எதுவும் வேண்டாம். பிள்ளை வீட்டில் நடக்கிற கொடுமை எதையாவது சொன்னால், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்கே பள்ளியில் அதற்கென இருப்பவரிடமோ தலைமையாசிரியரிடமோ சொல்லுங்கள்.

முக்கியமான ஆள் வகுப்பாசிரியர். எந்தப் பிள்ளை, எதில் தடுமாறுகிறது, எந்த வேளையில் அழைத்தால் வகுப்புக் கெடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். விளையாட்டு வேளையில் மட்டும் அழைத்துவிடாதீர்கள். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை உங்களை ஜென்மத்துக்கும் மன்னிக்காது.

ஒரு சமயத்தில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை, அரை மணி முதல் முக்கால் மணி நேரம், வாரத்தில் மூன்று நாள். நல்ல பலன் தந்த திட்டங்களை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்கும். தனியாக மூன்று நாள் முடியாதென்றால் இன்னொருவரோடு சேர்ந்து பிரித்துக்கொள்ளலாம். ஆனால் வாரம் ஒரு முகம் மாறினால் பயனில்லை. ஒவ்வொரு புது ஆளிடமும் பிள்ளை தனக்கு எதுவும் தெரியாது என்பதை முதலிலிருந்து ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கே அது கஷ்டம்.

முதல் நாள் பாடம் வேண்டாம். பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் எவ்வளவு வருகிறது என்று பார்க்க 2005 முதல் இந்தியக் கிராமங்களில் நடந்துவரும் அசர் கணக்கெடுப்பு பயன்படுத்துகிற முறை இதற்குப் போதும். வாசிப்பில் எழுத்து, சொல், சின்னப் பத்தி, சின்னக் கதை என்று நான்கு படிகள். கணக்கில் 1 முதல் 9 வரை எண்களை அடையாளம் காண்பது, இரண்டு இலக்க எண்கள், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஒற்றை இலக்கத்தால் வகுத்தல். எந்தப் படியில் தடுக்குகிறதோ அங்கே தொடங்கலாம். சில நிமிடத்தில் முடிகிற வேலை. வகுப்பு என்ன, வயது என்ன என்பதையெல்லாம் அந்தச் சில நிமிடங்கள் மறந்துவிடுங்கள்.

உட்கார்ந்த பிறகு

அந்தக் கழித்தல் பையனிடம் திரும்புவோம். அவனுக்குக் கடன் வாங்கும் முறையை மறுபடி சொல்வதில் பயனில்லை. அதை மூன்று ஆண்டுகளாகக் கேட்டுவிட்டான். குச்சிகளை எடுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. இதுதான் 52. இதிலிருந்து எனக்கு 27 கொடு என்று கையை நீட்டுங்கள். இரண்டு கட்டை உடனே கொடுத்துவிடுவான். இன்னும் ஏழு குச்சி வேண்டும். உதிரி இரண்டுதான் இருக்கிறது. இந்த இடத்தில் வாய் திறக்காதீர்கள். அவன் உங்களைப் பார்ப்பான், கட்டுகளைப் பார்ப்பான், திரும்ப உங்களைப் பார்ப்பான். கொஞ்ச நேரம் போனதும் ஒரு கட்டின் ரப்பர் பேண்டில் அவன் விரல் போகும். "பிரிக்கலாமா?" என்று கேட்பான். பிரித்தால் பன்னிரண்டு உதிரி. ஏழு கொடுத்ததும் ஐந்து. மிச்சம் இரண்டு கட்டு, ஐந்து குச்சி. 25. பிறகு நோட்டில் அவன் எழுதிய 35-ஐக் காட்டி, எது சரி என்று கேளுங்கள். அழிப்பானை அவனே தேடுவான்.

அந்த 'வாய் திறக்காதீர்கள்' இருக்கிறதே, அதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி. மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீளமானது. தெரியாது என்பது குறைந்தது. வழக்கமாக வாயே திறக்காதவர்கள் பேசினார்கள். மூன்று விநாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். எதிரில் ஒரு பிள்ளை விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எண்ணிப் பாருங்கள், மூன்று நிமிடம் மாதிரி போகும். முதன்முதலில் நான் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் இருபத்தைந்து நிமிடம் நானே பேசியிருந்தேன். பிள்ளை மிகவும் மரியாதையாகத் தலையாட்டியது. ஒன்றும் புரியவில்லை என்பது அடுத்த முறைதான் தெரிந்தது.

வாசிப்பிலும் இப்படித்தான், கேட்டால்தான் பிடிபடும். 'பொம்மை' என்ற சொல்லில் ஒரு குழந்தை "பெ..." என்று தொடங்கி நின்றுவிடுகிறது, பிறகு "பா..." என்று இழுக்கிறது. கேட்பவருக்குக் குழந்தை திணறுவதாகத் தோன்றும். எழுத்தைப் பாருங்கள்: முன்னால் கொம்பு, நடுவில் 'ப', பின்னால் துணைக்கால். கொம்பைப் பார்த்ததும் 'பெ', காலைப் பார்த்ததும் 'பா'. தெரிந்த இரண்டையும் அது சரியாகத்தான் சொல்கிறது. முன்னும் பின்னும் நிற்பவை இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பெ, பா, பொ என்று மூன்று அட்டை. அப்புறம் கொ, தொ, மொ. இரண்டு மூன்று அமர்வில் சரியாகிவிடும். 'ஒழுங்கா வாசி' என்று சொன்னால் ஒரு வருடம் ஆனாலும் சரியாகாது.

சொல்லக் கூடாத ஒரு வாக்கியம் உண்டு: "இது ரொம்ப ஈஸி." தைரியம் கொடுப்பதாக நினைத்துத்தான் எல்லோரும் சொல்கிறோம். பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழும். ஈஸியானதே வரவில்லையென்றால் நான் எவ்வளவு மக்கு? அதற்குப் பதில், "இது கொஞ்சம் கஷ்டமான இடம்தான், எனக்கும் இதில் குழம்பும்" என்று சொல்லிப் பாருங்கள். வந்தால் பெருமை, வராவிட்டால் அவமானமில்லை. பாராட்டுவதையும் பொதுவாக 'வெரி குட்' என்று சொல்லி முடிக்காமல், என்ன செய்தது என்று சொல்லுங்கள்: "தப்பை நீயே கண்டுபிடிச்சுட்டே."

வீட்டுப்பாடத்தைச் செய்து கொடுக்கும் ஆசையும் வரும். பிள்ளையும் நோட்டை நீட்டும். ஐந்து நிமிடம் உதவலாம், அதற்குமேல் போனால் எல்லா அமர்வும் அதிலேயே கரைந்துவிடும்.

பிள்ளையின் படிப்பை மட்டும் வைத்து உங்களை அளந்துகொண்டால் சோர்ந்துபோவீர்கள். சில வாரம் எதுவும் நகராது. பசியோடு வந்திருக்கும், தூங்கியிருக்காது, கண்ணாடி தேவைப்படுவது யாருக்கும் தெரியாமல் இருக்கும். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் தப்பு வந்தால், கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை போடுங்கள். ஒரு பருவம் முழுக்கக் கணக்கு சொல்லிக்கொடுப்பதைவிட அந்த ஒரு வார்த்தை அதிகம் உதவிய சம்பவங்கள் உண்டு.

நிறுத்துவது பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரியவர் ஒருவரைப் பிள்ளையோடு இணைக்கும் வழிகாட்டித் திட்டங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளால் பிள்ளைகள் நன்மை அடைந்தார்கள்; மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனால் சில பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடக் குறைந்தது. ஆகவே ஆர்வத்தில் வாரம் ஐந்து நாள் என்று ஒப்புக்கொண்டு இரண்டே மாதத்தில் காணாமல் போவதற்கு, நிதானமாக யோசித்து ஒரு பருவத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்வது மேல். இடையில் போக வேண்டிவந்தால் பிள்ளையிடம் நேரில் சொல்லுங்கள், எந்த நாள் கடைசி என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு வரி எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டு வருவது நல்ல பழக்கம். பெரிய அறிக்கை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அந்தப் பையனைப் பற்றிய சீட்டு ஒன்று இப்படி இருக்கலாம்: "52−27 குச்சி இல்லாமலே போடுகிறான். 502−27 கொடுத்தேன், நடுவில் பூஜ்ஜியம் வந்ததும் நின்றுவிட்டான். புதன்கிழமை அதிலிருந்து."